‘ரைஸ்’ நம்முடையதா?

கீழ்பென்னாத்தூரில் நெல் என்றால் நெல், அரிசி என்றால் அரிசி. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள இந்த ஊரைச் சுற்றி ஏரித் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் விளைவது நெல்; மூட்டை பிடித்து எடை போட்டு விலைக்குப் போவதும் நெல். அதை அவித்துக் காயவைத்து, மில்லில் உமி நீக்கி எடுத்தால் புழுங்கலரிசி. அவிக்காமல் அரைத்தால் பச்சரிசி. உடைந்தது நொய். மணி பிடிக்காமல் போனது பதர். உலையில் வெந்து இறங்கினால் சோறு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இவற்றில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்ல மாட்டார். வயலில் நிற்பது, சாக்கில் இருப்பது, தட்டில் விழுவது எல்லாமே ஆங்கிலத்தில் ‘ரைஸ்’. உமியோடு இருக்கும் நெல்லுக்கு வேறு சொல் தேவைப்பட்டபோது மலாய் மொழியின் ‘பாடி’யைக் கடன் வாங்கி ‘பேடி’ என்று வைத்துக்கொண்டார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ரைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘அரிசி’யிலிருந்து போனது என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் சொல்லிவருகிறோம். பட்டிமன்றத்தில் இதற்குக் கைதட்டல் உறுதி. இன்னொரு பக்கம், ஆங்கில அகராதியைத் திறந்தால் அது பழைய பிரெஞ்சு, இத்தாலியம், லத்தீன், கிரேக்கம் என்று பின்னோக்கிப் போய், ஈரானிய மொழி ஒன்றைத் தொட்டு, சமஸ்கிருத ‘வ்ரீஹி’யில் நின்றுவிடுகிறது. இரு தரப்பும் தங்கள் பாதியை மட்டுமே சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கதை மேடையில் சொல்வதைவிடச் சிக்கலானது. அகராதி சொல்வதைவிட நமக்குச் சாதகமானதும்கூட.

தமிழுக்காக இந்த வழக்கை முதலில் எடுத்தவர்களில் பெரியவர் கால்டுவெல். இடையன்குடியில் இருந்துகொண்டு அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல். மேற்கத்திய பழைய நூல்களில் காணப்படும் திராவிடச் சொற்கள் என்று அவர் சிலவற்றைக் காட்டினார். எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் ‘துக்கி’ நம் ‘தோகை’ என்பது அதில் ஒன்று. கிரேக்கத்தின் ‘ஒருஸா’ நம் ‘அரிசி’ என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சமன்பாடு பிறகு தனி நூலாகவே எழுதும் அளவுக்கு வளர்ந்தது. தமிழறிஞர் பாவாணரும் அவர் வழிவந்தவர்களும் இதைத் தமிழின் தொன்மைக்குச் சான்றுகளில் ஒன்றாக வைத்தார்கள்.

ஐரோப்பாவுக்குள் சொல் நடந்த வழியில் பெரிய தகராறு இல்லை. ஆங்கிலத்தில் ‘ரிஸ்’ என்ற வடிவம் 13ஆம் நூற்றாண்டில் தென்படுகிறது. அது பழைய பிரெஞ்சு ‘ரிஸ்’. அதற்கு முன் இத்தாலிய ‘ரிசோ’. அதற்கும் முன் லத்தீன் ‘ஒரிஸா’. எல்லாவற்றுக்கும் மேலே கிரேக்க ‘ஒருஸா’. ஸ்பானிய, போர்த்துகீசிய ‘அரோஸ்’ இதே மரத்தின் வேறு கிளை. கிரேக்கத்திலிருந்து அரமேயம் வழியாக அரபுக்குப் போய் ‘ருஸ்’ ஆகி, அரபு முன்னொட்டு ‘அல்’ சேர்ந்து ‘அர்ருஸ்’ என்றாகி, ஸ்பெயினுக்கு அரபியர் கொண்டுபோன சொல் அது. ‘அரோஸ்’ என்பதன் தொடக்க அகரத்தைக் காட்டி ‘பார், அரிசியின் அகரம் அப்படியே இருக்கிறது’ என்று மகிழ்வோர் உண்டு. அந்த அகரம் அரபு இலக்கணம் கொடுத்தது.

ரோமில் அரிசி சோறாகவில்லை, மருந்தாக இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹொரேஸ் ஒரு கஞ்சனைப் பற்றி எழுதுகிறார். பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு சோர்ந்து கிடக்கும் அவனுக்கு வைத்தியர் அரிசிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார். கஞ்சியின் விலையைக் கேட்ட நோயாளி, நோயால் செத்தால் என்ன, கொள்ளை போய்ச் செத்தால் என்ன என்று புலம்புகிறான். எட்டுச் செப்புக்காசு விலை. நம் ஊரில் காய்ச்சல்காரனுக்கு இலவசமாகக் கிடைக்கும் பொருள் அங்கே அப்படி இருந்தது. இடைக்கால இங்கிலாந்திலும் அது கடல் கடந்து வந்த விலை உயர்ந்த சரக்குதான். சொல் இவ்வளவு தூரம் உருக்குலையாமல் நடந்ததற்கு இது ஒரு காரணம். தங்கள் நிலத்தில் விளையாத பொருளுக்கு யாரும் சொந்தப் பெயர் வைப்பதில்லை; விற்பவன் சொன்ன பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் கிரேக்கனுக்கு அதை முதலில் விற்றவன், அல்லது காட்டியவன், யார்?

வழக்கின் மையம் இந்தக் கேள்விதான். கிரேக்கத்தில் ‘ஒருஸா’வைத் தெளிவாக எழுதியவர் தியோஃப்ராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர். தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் கி.மு. 300ஐ ஒட்டியது. அலெக்சாண்டரோடு படையில் வந்த அரிஸ்டோபுலஸ் நெல்லைக் கண்ணால் பார்த்தவர். தண்ணீர் கட்டிய பாத்திகளில் அது நிற்கிறது, நான்கு முழ உயரம் வளர்கிறது, பாக்டிரியாவிலும் பாபிலோனிலும் சூசாவிலும்கூட விளைகிறது என்று அவர் எழுதியதைப் பிற்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்துக் காட்டுகிறார். அலெக்சாண்டர் பஞ்சாபில் இருந்தது கி.மு. 326. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சோஃபோகிளீஸ் தம் நாடகம் ஒன்றில் ‘ஒரிந்தேஸ்’ என்று ஒரு வகை ரொட்டியைக் குறிப்பிட்டதாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அதெனயஸ் சொல்கிறார். அது அரிசி ரொட்டி என்று பழைய உரைகாரர்கள் ஒரு சாரார் கருதினர். அந்தச் சொல்லில் உள்ள மெல்லினத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் தேதிகளையும் இடங்களையும் பார்த்தால் கால்டுவெல்லின் வாதம் தடுமாறும் இடம் தெரியும். முசிறிக்கும் தொண்டிக்கும் யவனக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்துக் கூட்டம் கூட்டமாக வந்தது கி.மு. முதல் நூற்றாண்டுக்குப் பிறகு. செங்கடல் துறையான பெரெனிகேயில் மிளகோடு அரிசியும் அகழ்வில் கிடைத்திருக்கிறது. அதே கடற்கரையில் வடக்கே உள்ள குசெய்ர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஆனால் அவையெல்லாம் கிரேக்கர் ‘ஒருஸா’ என்று சொல்லத் தொடங்கி முந்நூறு ஆண்டு கழித்து. சொல் நம் துறைமுகத்தில் ஏறியிருக்க வேண்டும் என்றால் கப்பல் அதற்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும்.

இதை முதலில் அழுத்திச் சொன்னவர்கள் யூலும் பர்னெலும். 1886இல் வந்த அவர்களுடைய ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் ‘ரைஸ்’ பதிவைப் படித்தால் அந்தக் காலத்து அறிஞர்களின் நேர்மை தெரியும். பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்தியலில் நூல் எழுதியவர். தமிழை இளக்காரமாகப் பார்த்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ‘ஒருஸா’வை அரிசியிலிருந்து வருவிக்கும் ஆசை வலுவானது என்று அந்தப் பதிவு ஒப்புக்கொள்கிறது. அரபுச் சொல் நேரே திராவிடத்திலிருந்து போயிருக்கலாம் என்றுகூட விட்டுக்கொடுக்கிறது. ஆனால் கிரேக்கச் சொல் ஆக்ஸஸ் ஆற்றங்கரையிலோ பஞ்சாபிலோ காதில் விழுந்ததுதான் என்று முடிக்கிறது. ஆதாரமாக அது காட்டுவது பஷ்தூ மொழியை. பஷ்தூ அகராதி தொகுத்த ரேவர்ட்டி பதிவு செய்த வடிவம் ‘வ்ரிஜ’ போல ஒலிப்பது. காபூலுக்குத் தெற்கே லோகரில் பேசப்பட்ட சிறு மொழி ஒன்றில் இன்னும் நெருக்கமான ‘வ்ரிஸ்ஸ’. இன்றைய பாரசீகம் ‘பிரிஞ்ச்’, ஆர்மீனியம் ‘பிரின்ஸ்’.

யூலுக்குத் தெரியாத சான்று ஒன்று பிறகு கிடைத்தது. பாரசீகத்தின் பெர்செபோலிஸில் 1933–34இல் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. முதலாம் டேரியஸ் அரசின் தானியக் கணக்கு அவை, கி.மு. 509 முதல் 493 வரையிலானவை, எலாமிய மொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் வரும் ‘மிரிசிஷ்’ என்ற தானியத்தை நெல் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். எலாமிய எழுத்தில் பாரசீகத்தின் வகரம் மகரமாக எழுதப்படுவது வழக்கம். அப்படிப் படித்தால் அடியில் இருப்பது ‘வ்ரிஸி’. மேற்காசியாவுக்கும் மத்தியத் தரைக்கடலுக்கும் நெல் போன கதையைச் சுரேஷ்குமார் முத்துக்குமரன் 2014இல் ஒரு கட்டுரையில் தொல்லியலையும் எழுத்துச் சான்றையும் சேர்த்து வைத்து எழுதினார். தம் ‘தி டிராபிகல் டர்ன்’ நூலில் இதை விரித்திருக்கிறார். படிக்க வேண்டிய உழைப்பு. அலெக்சாண்டர் வருவதற்கு நூற்றெழுபது ஆண்டு முன்பே நெல்லும் அதன் பெயரும் ஈரானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன என்பது இன்று ஏறக்குறைய உறுதி.

ஒலியும் இதையே சொல்கிறது. ‘ஒருஸா’வின் தொடக்க ஒகரம் கிரேக்கருக்குத் தேவையில்லாமல் வந்ததல்ல. அவர்கள் மொழியின் பெரும்பாலான கிளைகளில் வகர ஒலி செத்துப்போயிருந்தது. ‘வ்ர’ என்று தொடங்கும் அயற்சொல்லை வாயில் போட்டால் ‘ஒர’ என்றுதான் வரும். ‘அரிசி’ என்று காதில் விழுந்திருந்தால் அகரம் அகரமாகவே இருந்திருக்கும், கிரேக்கருக்கு அகரத்தில் ஒரு சிரமமும் கிடையாது. ஆகவே கிரேக்கனின் காதில் விழுந்த சொல்லுக்கு முன்னால் ஒரு வகரம் இருந்தது. நம் ‘அரிசி’யில் அது இல்லை.

இத்துடன் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் அவசரக்காரர்கள். ஈரானியச் சொல் ‘வ்ரீஹி’க்கு உறவு என்றால், ‘வ்ரீஹி’ எங்கிருந்து வந்தது? ரிக் வேதத்தில் அந்தச் சொல் இல்லை. அதர்வ வேதத்தில்தான் முதலில் வருகிறது. குழந்தைக்கு மேல் பல் முளைக்கும்போது சொல்லும் மந்திரம் ஒன்றில், நெல்லையும் வாற்கோதுமையையும் உளுந்தையும் எள்ளையும் தின்னும்படி அந்தப் பற்களிடம் கேட்டுக்கொள்கிறது அந்த வேதம். (நாம் பால் பல்லை அரிசிப் பல் என்பது தற்செயல்தான். அதில் தத்துவம் தேட வேண்டாம்.) ரஷ்யத்திலோ ஜெர்மானியத்திலோ லித்துவேனியத்திலோ இந்தச் சொல்லுக்கு இனச்சொல் இல்லை. அதாவது இந்தோ-ஐரோப்பிய மொழி பேசியவர்கள் இதைக் கூடவே கொண்டுவரவில்லை. இங்கே வந்து நெல்லைப் பார்த்த பிறகு, ஏற்கெனவே அதை வளர்த்துக்கொண்டிருந்தவர்களிடம் வாங்கினார்கள். ஆங்கில அகராதி ‘வ்ரீஹி’யில் நிற்பது அங்கே ஊற்று இருப்பதால் அல்ல, எழுத்துச் சான்று அங்கே தீர்ந்துவிடுவதால். அந்த நிறுத்தத்தை ஊற்று என்று படிப்பது சமஸ்கிருத ஆர்வலர்கள் செய்யும் பிழை. நம் மேடைப் பிழைக்கு இது சற்றும் குறைந்ததில்லை.

யாரிடம் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும்போது திராவிட மொழிகள் மறுபடி உள்ளே வருகின்றன. இந்த முறை வாசல் வேறு. தெலுங்கில் நெற்பயிர் ‘வரி’. கோண்டியில் நெல் ‘வஞ்சி’. தெலுங்கில் வகரம் இருக்கிறது, கோண்டியில் வகரத்தோடு மெல்லினமும் இருக்கிறது. பாரசீக ‘பிரிஞ்ச்’சிலும் சோஃபோகிளீஸின் ‘ஒரிந்தே’ஸிலும் பார்த்த அதே மெல்லினம். இவற்றையெல்லாம் சேர்த்து ஆய்வாளர்கள் ‘வரிஞ்சி’ போன்ற ஒரு மூல வடிவத்தை மீட்டெடுக்கிறார்கள். ‘வரிஞ்சி’யையும் ‘வ்ரீஹி’யையும் பக்கத்தில் வைத்தால் உறவு கண்ணில் படுகிறது. ‘அரிசி’யையும் ‘வ்ரீஹி’யையும் வைத்தால் அவ்வளவு எளிதாகப் படாது. கால்டுவெல் தமிழைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஏற்றியிருக்க வேண்டியது பஸ்தர் காட்டோரத்தில் நெல் அடிக்கும் கோண்டுகளை. பர்ஜி போன்ற மத்திய இந்தியத் திராவிட மொழிகளுக்குப் பர்ரோவும் பட்டாச்சார்யாவும் முறையான இலக்கணமும் சொல்தொகுப்பும் எழுதத் தொடங்கியதே 1953இல்தான்.

அப்படியானால் ‘அரிசி’க்கும் ‘வரிஞ்சி’க்கும் என்ன உறவு? இங்கேதான் திராவிட மொழியியல் உள்ளுக்குள்ளேயே சண்டை போடுகிறது. பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) ‘அரிசி’க் குடும்பத்தையும் ‘வரி’க் குடும்பத்தையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. சேர்த்துவிடத் தடை என்ன? தமிழில் சொல் முதல் வகரம் இப்படித் தானாக விழும் வழக்கம் இல்லை. வரப்பு அரப்பு ஆகவில்லை, வயல் அயல் ஆகவில்லை. அடுத்து, கன்னடம் ‘அக்கி’ என்கிறது, குடகும் அப்படியே. கன்னட ‘அக்கி’க்கு முன்வடிவில் ககரம் இருந்திருக்க வேண்டும். ககரம் மூத்ததா, நம் சகரம் மூத்ததா என்பதைப் பொறுத்து ‘ஒருஸா’வோடு உள்ள ஒலி ஒற்றுமையே ஆட்டம் காணும்.

மூன்றாவது தடை பொருளில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘அரிசி’ நெல்லுக்கு மட்டும் உரிய சொல் அன்று. சாமையரிசி, தினையரிசி, வரகரிசி, மூங்கிலரிசி எல்லாம் அரிசிதான். ஏலக்காய்க்குள் இருக்கும் விதை ஏலரிசி. மரவள்ளி மாவில் சேலத்துக்காரர்கள் உருட்டும் வெள்ளை மணியும் ஜவ்வரிசி. உமியோ தோலோ நீங்கிய சிறு மணி எதுவானாலும் நம் மொழியில் அது அரிசி. சொல் எந்தப் பயிரோடும் கட்டுண்டதில்லை, செய்த வேலையோடும் அளவோடும் கட்டுண்டது. ‘அரி’ என்றால் நுண்மை, சிறுமை. அரித்தல் என்றால் கல் போகப் பிரித்தெடுத்தல். இந்த வேரிலிருந்து வந்ததுதான் அரிசி என்று கொண்டால் அது பழுதில்லாத தமிழ்ச் சொல். ஆனால் அப்போது வகரமுள்ள ‘வரிஞ்சி’க்கும் அதன்வழி ‘ஒருஸா’வுக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துபோகிறது. மாறாக, ‘வரிஞ்சி’ தேய்ந்துதான் அரிசி ஆயிற்று என்று கொண்டால் கிரேக்கத்தோடு உறவு கிடைக்கும். ‘அரி’ என்ற வேர் பின்னால் ஒட்டிய விளக்கமாகிவிடும். ‘அரி’யிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல், அதுவே கிரேக்கம் போனது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

காலத்தைப் பற்றிய பழைய ஆட்சேபம் மட்டும் நம் காலத்தில் தளர்ந்திருக்கிறது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் சிறுதானியமும் கொள்ளும் பச்சைப்பயறும் விளைவித்தவர்கள், நெல் பிற்பாடு வந்தது என்பது லண்டனைச் சேர்ந்த தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் போன்றோரின் முடிவு. பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளில் கிடைத்த தானியங்களைப் பார்த்துச் சொன்னது அது, இன்றும் நிற்கிறது. எவ்வளவு பிற்பாடு என்பதில்தான் மாற்றம். பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழிச் சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற முடிவு வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்தார். அந்த வாரம் தமிழ் நாளேடுகள் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் சிவகளை நெல் ‘ரைஸ் தமிழ்’ என்பதற்குச் சான்று என்று சிலர் எழுதியதை ஏற்க முடியாது. தாழியில் நெல் வைத்தவர்கள் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று உமி சொல்லாது. அந்த நெல் தாமிரபரணிக் கரையில் இருந்தது. சொல்லோ காபூல் பக்கம் கேட்டது. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அந்த இடைவெளியை நிரப்ப பலுசிஸ்தானத்தைக் காட்டுவோர் உண்டு. அங்கே பீராக் என்ற இடத்தில் கி.மு. இரண்டாம் ஆயிரத்திலேயே நெல் பெருமளவில் கிடைக்கிறது. பக்கத்திலேயே பிராகுயி என்ற திராவிட மொழி பேசப்படுகிறது. பார்த்தவுடன் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பிராகுயி மக்கள் அங்கே போய்ச் சேர்ந்தது சுமார் ஆயிரம் ஆண்டுக்குள்தான் என்று எல்ஃபென்பைன் போன்ற மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதம் சரியென்றால் பீராக்கின் நெல்லுக்கும் பிராகுயிக்கும் சம்பந்தமில்லை. கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டால் சொல்லாராய்ச்சியில் சற்று ஒதுங்கி நிற்பது நல்லது.

கிழக்கே போனால் இன்னும் குழப்பம். மலாய் மொழியில் உமி நீக்கிய அரிசி ‘பெராஸ்’. திபெத்தியத்தில் அரிசி, எழுத்துக்கூட்டிப் படித்தால், ‘ப்ராஸ்’ போன்றது. கில்கிட் பகுதியில் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராமல் தனியே நிற்கும் புருஷஸ்கியிலும் ‘ப்ராஸ்’. மடகாஸ்கரில் அரிசி ‘வாரி’, நம் தெலுங்கு ‘வரி’யின் அச்சு! ஆனால் மடகாஸ்கர் மொழி போர்னியோவிலிருந்து கடல் கடந்து போனது. போர்னியோவின் ஙாஜு மொழியில் சோறு ‘பாரி’. ஒலி மட்டும் பார்த்து உறவு கட்டினால் தெலுங்கர்கள் மடகாஸ்கரை ஆண்டதாகவே எழுதிவிடலாம். ஹார்வர்டின் மைக்கேல் விட்செல் 1999இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்தச் சொற்களையெல்லாம் பரப்பி வைத்து, ‘வ்ரீஹி’யும் திராவிட ‘வரி’யும் திபெத்திய வடிவமும் இன்று மறைந்துபோன ஏதோ ஒரு ஆசிய மொழியிலிருந்து தனித்தனியே கடன் வாங்கியவையாக இருக்கக்கூடும் என்ற பக்கம் சாய்கிறார். ஃபிராங்க்ளின் சௌத்வொர்த் திராவிடத்தின் பங்கை அதைவிடக் கூடுதலாக மதிக்கிறவர். திராவிட மொழிகளின் நெற்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2011இல் ஒரு கட்டுரை எழுதினார், வெளிவந்த ஆய்விதழின் பெயரே ‘ரைஸ்’. எனக்கு சௌத்வொர்த்தின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. விட்செல் சொல்லும் மறைந்த மொழி எதையும் விளக்கும், யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ‘வரிஞ்சி’யின் வழிவந்த ‘வஞ்சி’யை உச்சரிக்கும் மக்கள் இன்றும் நெல் நடுகிறார்கள்.

வலுவான வழக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ‘ஜிஞ்ஜர்’ போதும். அதன் கிரேக்க வடிவம் ‘ஸிங்கிபெரிஸ்’, பாலி மொழியில் ‘சிங்கிவேர’. சமஸ்கிருதம் இதை ‘ச்ருங்கவேர’ என்று மாற்றிக் கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்லிக்கொண்டது. பின்பாதியில் ஒளிந்திருப்பது நம் ‘வேர்’, முன்பாதி ‘இஞ்சி’. தென் திராவிடத்தில் சொல் முதல் சகரம் பல இடங்களில் விழுந்ததைப் பர்ரோ 1947இல் காட்டினார்; அந்த விதிப்படி ‘சிஞ்சி’ இஞ்சியாகும். ஏ.எஸ்.சி. ராஸ் இந்த ஒரே சொல்லின் பயணத்தைப் பற்றி 1952இல் தனிநூல் எழுதினார். தாய்லாந்திலும் பர்மாவிலும் இஞ்சிக்கு நெருங்கிய ஒலியில் பெயர்கள் இருப்பதால் ‘இஞ்சி’யே இன்னும் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம்; ஆனால் ‘வேர்’ எங்கும் போகாது. மேற்கே போன சொல்லுக்குள் நம் மொழியின் உறுப்பு ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஒலிமாற்றத்துக்கு விதி இருக்கிறது, இடைப்பட்ட பாலி வடிவம் எழுத்தில் கிடைக்கிறது. ‘ரைஸ்’ வழக்கில் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

இதைவிடத் தெளிவானது கஞ்சி. கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில், மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுக்கும் அரிசித் தண்ணீரை ‘கஞ்செ’ என்கிறார்கள் என்று எழுதினார். அங்கிருந்து ஆங்கிலத்துக்குக் ‘காஞ்ஜி’ போனது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இன்று கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சும் சாற்றுக்குப் பெயர் ‘கான்ஷா’. தமிழா மலையாளமா என்று மட்டும் பங்காளிச் சண்டை போடலாம், வேறு யாரும் உரிமை கேட்க முடியாது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவையும் இப்படிப் பத்திரம் உள்ள சொத்துகள். மாறாக, ‘எரித்திரையக் கடல்’ என்பதில் ‘எறிதிரை’யைக் கேட்பதும், ‘நேவி’யை ‘நாவாய்’ பெற்றது என்பதும், ஆங்கில ‘ஒன்’ நம் ‘ஒன்று’ என்பதும் காதை மட்டும் நம்பியவை. ‘எருத்ரோஸ்’ கிரேக்கத்தில் சிவப்பு. லத்தீன் ‘நாவிஸ்’ஸுக்கு வடமொழி ‘நௌ’ நேர் உறவு. ‘ஒன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றே இருந்தது. எந்தச் சொல்லையும் அதன் மிகப் பழைய உருவத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இன்றைய உச்சரிப்பைக் கொண்டு ஒப்பிடுவது பேரனின் முகத்தைப் பார்த்துப் பூட்டனின் ஊரைச் சொல்வதற்குச் சமம்.

ஆகவே இன்றுள்ள சான்றுகளின்படி தீர்ப்பு இதுதான். ஆங்கில ‘ரைஸ்’ கிரேக்கம் வழியாக ஈரானியச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. அது வடமேற்கு நிலவழியில் கேட்ட சொல், நம் துறைமுகங்களில் ஏறியதில்லை. அந்தச் சொல்லுக்கும் ‘வ்ரீஹி’க்கும் பின்னால் திராவிட ‘வரிஞ்சி’ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ‘அரிசி’ அதற்கு உறவா, ‘அரி’யின் மகளா என்பது தீராத வழக்கு. தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களிடம் ‘கஞ்சி’யையும் ‘இஞ்சி’யையும் தயங்காமல் சொல்லுங்கள். ‘ரைஸ்’ வரும்போது தெலுங்கு ‘வரி’யையும் கோண்டி ‘வஞ்சி’யையும் கரும்பலகையில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.